சோமனூரில் ஒரு வாசல், கருமத்தம்பட்டியில் மாதா

நேர்ச்சை எங்கள் அத்தை செய்தது. தறியிலிருந்து, ஊடை நூலோடு ஓடும் நாடா தெறித்து என் கணவரின் வலது கண்ணில் அடித்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே நேர்ந்துகொண்டார். கண் பிழைத்தால் மூன்று பேரும் பல்லடத்திலிருந்து கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்கு நடந்தே வந்து, வெள்ளியில் கண் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைக்கிறோம் என்று. அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மாமியார்கள் நேர்ந்துகொள்ளும்போது மருமகளை யார் கேட்கிறார்கள்? கட்டுப் பிரித்த அன்று டாக்டர் காட்டிய விரல்களை அவர் சரியாக எண்ணிச் சொன்னதும், "எப்பங்க அத்தை கிளம்பறது?" என்று நானேதான் முதலில் கேட்டேன்.

அக்டோபர் திருவிழாவுக்குப் போவதென்று முடிவானது. சனிக்கிழமை தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி போடாமல் வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்பது அத்தையின் சட்டம். "அவங்க காசைக் கையில வெச்சுக்கிட்டு ஜெபமாலை உருட்டினா மாதா கேக்குமா, அம்மிணி?" என்பார். 2022-ன் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் அடுத்தவர் நூலைக் கூலிக்கு நெய்து கொடுக்கும் கூலித் தறிகள் எல்லாம் வாரக்கணக்கில் நின்றபோது எங்கள் வீட்டிலும் அரிசி மூட்டை அடியைத் தொட்டுவிட்டது. அப்போதும் எங்களிடம் வேலை பார்த்த ஒடிசாப் பையன்கள் இரண்டு பேருக்கும் எங்கள் சட்டியிலிருந்துதான் சோறு போனது. அத்தை அதைத் தர்மம் என்று சொன்னதில்லை. எதுவுமே சொன்னதில்லை. தறிச் சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும் தெரியும். நாடாவுக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை முடித்துவிடுவார்.

கூலி போட்டுவிட்டுக் கிளம்பும்போது இரவு பத்து மணி ஆகிவிட்டது. சாமளாபுரம் வழியாகச் சோமனூர், அங்கிருந்து கருமத்தம்பட்டி. இருபது கிலோமீட்டர் இருக்கும். அத்தை செருப்பில்லாமல் முன்னால் போனார். ஜெபமாலையின் மறைநிகழ்வுகளை, அதாவது இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்ச்சிகளை, சந்தோஷம், துயரம், மகிமை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். 2002-ல் போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்துக் கொடுத்த ஒளியின் மறைநிகழ்வுகளை நான் நினைவுபடுத்தினால், "அது புதுசு கண்ணு, நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்று எனக்கு ஒதுக்கிவிட்டார்.

சாமளாபுரம் குளத்துக் காற்று அந்த நேரத்தில் சுகமாகத்தான் இருந்தது. அதைத் தாண்டியதும் என் இடது குதிகாலில் கொப்புளம் கிளம்பியது. லாரிகள் வேறு முகத்தில் விளக்கை அடித்துக்கொண்டு வந்தன. என் கணவர் பழக்கதோஷத்தில் வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொள்வார், நான் அவரை ஓரத்துக்கு இழுப்பேன். டீக்கடை ஒன்றில் சுக்குக் காபி குடித்தோம். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த கடைக்காரப் பெரியவர் காசு வாங்கவில்லை. "மாதா கோயிலுக்கு நடக்கறவங்ககிட்டயா வாங்கறது, போங்க" என்றார். அவருக்காக ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம்.

சோமனூர் வந்தபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. நேராகப் போனால் கோயில். அத்தை நேராகப் போகவில்லை, இடப்பக்கச் சந்தில் திரும்பினார். அது சின்ன மாமனார், அதாவது என் மாமனாரின் தம்பி வீட்டுச் சந்து.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறிக்குடோனைப் பாகம் பிரித்தபோது கரண்ட் சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, யார் பெயரில் இருப்பது என்று அண்ணன் தம்பிக்குள் தொடங்கிய தகராறு, மாமனார் இறந்தும் தீரவில்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1000 ஆனது. தகராறும் கூடவே ஏறியது. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. கண்ணில் அடிபட்டதற்கும் அங்கிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் அப்படியே இருந்தது.

"அத்தை, கால் வலிக்குதுங்க, பூசைக்கு நேரமாகுது" என்றேன்.

"பூசை எட்டு மணிக்கும் இருக்குது" என்று சொல்லிக் கதவைத் தட்டிவிட்டார்.

சின்ன மாமனார்தான் திறந்தார். லுங்கியும் தோளில் துண்டுமாக நின்றார், வாயில் வார்த்தை வரவில்லை. அத்தை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "தம்பி, மாதாகிட்டக் காணிக்கை வெக்கப் போறமுங்க. உங்களோட பேசாம அங்க போய் நிக்க எனக்கு முடியலீங்க" என்றார். அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பக்கத்து வீட்டு விசுவாசிகள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இந்தப் பகுதியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம், ஆளுக்கொரு விளக்கமும் சொல்லியிருக்கிறோம். அத்தை கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

உள்ளேயிருந்து சின்ன அத்தை ஓடிவந்து, "வாசல்ல உக்காந்துட்டீங்களேக்கா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். வரக்காப்பி வந்தது. என் கணவர் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் சின்ன மாமனார். "தெரியுதா சாமி?" என்று கேட்டார். "தெரியுதுங்க சித்தப்பா." அப்புறம் யாரும் அதிகம் பேசவில்லை. சர்வீஸ் பற்றி மூச்சே இல்லை. என் கொப்புளத்துக்குச் சின்ன அத்தை வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அந்த வெந்நீரில் கால் வைத்திருந்தபோது எனக்கு அவர்கள்மேல் இருந்த ஆத்திரம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது.

கருமத்தம்பட்டியில் நெடுஞ்சாலையைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. திருவிழாக் கூட்டம் ஒரு பக்கம், கடைக்காரர்கள் ஒரு பக்கம். ஒருவர் வழியை மறித்து, தன் மெழுகுதிரியை வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்று கூசாமல் சொன்னார். இன்னொருவர் தகரத்தில் அச்சடித்த கண்ணை வெள்ளி என்று சொல்லி எடைக்கு விலை பேசினார். நாங்கள் பல்லடத்திலேயே நகைக்கடையில் வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தோம், தப்பித்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழிப்பறைக்கு ஆள் பார்த்து விலை சொல்கிறார்கள். மாதா வாசலிலேயே இப்படிச் சம்பாதிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

வரிசை மெல்ல நகர்ந்தது. 1640-ல் தொடங்கிய தலம் என்பார்கள், கொங்கு நாட்டு விசுவாசத்தின் வேரே இங்கேதான். 2019-ல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்ற பேராலயம் ஆனது. எனக்கு இங்கே வந்தால் நினைவுக்கு வருகிறவர் ஆயர் மரியோன் பிரெசிலாக். 1846 அக்டோபர் 4 அன்று இதே ஊரில்தான் ஆயராக அபிஷேகம் பெற்றார். நம் மண்ணிலிருந்தே குருக்கள் வரவேண்டும் என்று பாடுபட்டவர். பிறகு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கி, 1859-ல் சியரா லியோனில் போய் இறங்கி, சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். 2020-ல் அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்கள். பிரான்சில் பிறந்து இங்கே தமிழ் படித்து எங்கேயோ போய்ச் செத்த மனிதர். குதிகால் கொப்புளத்துக்கு அழுத எனக்கு வரிசையில் நிற்கத் தெம்பு வந்தது.

மாதாவுக்கு முன்னால் போனபோது மணி என்ன என்று பார்க்கவில்லை. பின்னால் தள்ளுகிறார்கள், பக்கத்தில் ஒருவர் போனை உயர்த்தி வீடியோ எடுக்கிறார், குழந்தை ஒன்று வீறிட்டு அழுகிறது. எவ்வளவோ கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். பையனின் படிப்பு, பாங்குக் கடன், என் முதுகு வலி. ஒன்றும் வரவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி, அடுத்த சொல்லே மறந்துபோய், திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் ஜெபமாலையோடு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என் கணவர் துணியை அவிழ்த்து வெள்ளிக் கண்ணை எடுத்து வைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவருடைய அப்பா இறந்தபோதுகூட. அப்போது அழுதார். இடது கண்ணிலிருந்து வழிந்தது. நான் வலது கண்ணையே பார்த்தேன். அடிபட்டதிலிருந்து அந்தக் கண் வறண்டேதான் கிடந்தது, சொட்டு மருந்து ஊற்றி ஊற்றித்தான் வைத்திருந்தோம். அதிலும் தண்ணீர் நிறைந்து, இமையில் தங்கி, கன்னத்தில் இறங்கியது. நான் அத்தையின் கையைக் கிள்ளிக் காட்டினேன். அத்தை பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். அதற்குள் பின்னாலிருந்து நெருக்கி எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். புடவைத் தலைப்பு கிழிந்ததுகூட வெளியே வந்துதான் தெரிந்தது.

டாக்டரிடம் கேட்டால் இதற்கு ஒரு காரணம் சொல்வார், சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது எனக்கு.

எட்டு மணிப் பூசை கண்டோம், நற்கருணை வாங்கினோம், ராத்திரித் தேர் பார்த்துவிட்டுப் பஸ்ஸில்தான் திரும்பினோம். தேரைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நன்றி சொல்லத்தான் வருகிறது. கண்ணுக்கு நன்றி, தாயே. காசு வாங்காத அந்தப் பெரியவருக்கு நன்றி. சின்ன அத்தையின் வெந்நீருக்கு நன்றி. கேட்காமல் என்னை நேர்ச்சையில் சேர்த்த அத்தைக்கு நன்றி. வியாழக்கிழமை சின்ன மாமனார் வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசி நிறையச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தது, அதற்கும் நன்றி. சர்வீஸ் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அதையும் நீயே பார்த்துக்கொள் மாதாவே.