ஃபிட்ஸ் வரவில்லை என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

என் தம்பிக்கு வலிப்பு நோய். வருஷக்கணக்காக ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையை எடுத்துக்கொள்கிறான். அவனைப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார், "அதான் இப்போ ஃபிட்ஸே வரலையே, இன்னும் எதுக்குப்பா மாத்திரை?" அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் வராமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் பழையபடி வலிப்பு வருவது மட்டுமில்லை, ஒன்று அடங்கி நினைவு திரும்புவதற்குள் அடுத்தது என்று விடாமல் தொடரலாம், அது உயிருக்கே ஆபத்து. பல வருஷம் வலிப்பே இல்லாமல் இருப்பவர்களுக்கு டாக்டரே யோசித்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பது உண்டு. அந்த முடிவை நாமாக எடுக்கக் கூடாது.

டோஸை நாமாகக் கூட்டுவதும் அப்படித்தான். ஃபெனிட்டாயின் 1938 முதல் வலிப்புக்குப் பயன்படும் பழைய மருந்து, நல்ல மருந்து, ஆனால் கொஞ்சம் பிடிவாதமானது. கல்லீரல் ஓரளவுக்குத்தான் அதைக் கழிக்கும். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் டோஸைச் சிறிதளவு கூட்டினாலும் ரத்தத்தில் மருந்து சட்டென்று ஏறிவிடும். பொதுவாக ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பார்கள். ஒருமுறை டோஸ் கூட்டிய பிறகு தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தான், பேச்சு குழறியது, கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. பார்ப்பவர்களுக்குத் தூக்கக் கலக்கம் மாதிரிதான் தெரியும். ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைத்த பிறகுதான் சரியானது.

குழந்தைகளுக்கு சிரப் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், தயவுசெய்து. மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதியில் வலிப்பு கட்டுப்படாது, கடைசிப் பாதியில் அதே அளவு ஊற்றியும் மருந்து மிஞ்சிப்போகும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், அளவுக் கோடு போட்ட சிரிஞ்சில் கொடுங்கள்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். வேறு எதற்காக டாக்டரைப் பார்த்தாலும் இந்த மருந்தைச் சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள், கர்ப்பம் என்று தெரிந்த பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மருந்தால் ஈறு வீங்குவது பலருக்கு வரும், பல் சுத்தம் முக்கியம். ஆனால் காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாய்ப்புண், கொப்புளம் என்று வந்தால், முக்கியமாக மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களுக்குள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால், இந்த மருந்துக்கு அது அவ்வளவு சாதாரண விஷயமில்லை, டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.