மணலை மிதிக்காத மூவரும், கன்னத்தைக் கிள்ளிய பொன்னனையாளும்

ராமேஸ்வரம் பஸ்ஸில் போகிற யாரும் திருப்புவனத்தைத் தாண்டித்தான் போயிருப்பார்கள், ஆனால் இறங்கியவர்கள் குறைவு. மதுரையிலிருந்து 20 கிலோமீட்டர்தான். பட்டுச்சேலைக்குப் பேர்போன கும்பகோணம் பக்கத்துத் திருபுவனம் வேறு, இது வைகைக்கரை ஊர், சிவகங்கை மாவட்டம். மாமாவின் தலைத்திதி முடிந்து வந்த ஆடி அமாவாசைக்கு அத்தையும் அத்தை மகனும் கிளம்ப, நானும் தொற்றிக்கொண்டேன்.

அமாவாசைக்கு இங்கே ஏன் இவ்வளவு கூட்டம் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. தகப்பனாரின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்க எடுத்துப்போன ஒருவர் இந்தக் கரையில் இறங்கிக் கலசத்தைத் திறந்து பார்க்க, எலும்பெல்லாம் பூவாக இருந்ததாம். சுவாமி பெயரும் புஷ்பவனேஸ்வரர்தான். நம்புகிறவர்கள் நம்பட்டும், ஆனால் இதே தாலுகாவில் கீழடிக்குப் பக்கத்தில் இருக்கும் கொந்தகையில் தோண்டத் தோண்ட முதுமக்கள் தாழியாக வந்ததைப் பார்த்தவர்களுக்கு, செத்தவர்களை இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவது எத்தனை பழைய வழக்கம் என்று புரியும். கீழடியில் 2015இல் மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது, அப்புறம் மாநிலத் துறை தொடர்ந்தது, 2023இல் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. அங்கே போகிற பஸ் கூட்டத்தில் பாதியாவது இந்தக் கோயிலுக்கும் வரலாம் என்பது என் ஆதங்கம்.

கோயிலுக்குள் முதலில் பார்க்க வேண்டியது நந்தியை. நேராக இல்லாமல் சற்றே ஒதுங்கி இருக்கிறது. வாசலில் பூ விற்கிற ஆச்சி, நாங்கள் கேட்காமலே, "தேவாரம் பாடுன மூணு பேருக்கும் ஆத்து மணலெல்லாம் லிங்கமாத் தெரிஞ்சுச்சாம் தம்பி, மிதிக்க மனசு வரலை, அக்கரையிலேயே நின்னு பாடுனாக, சாமிதான் நந்தியை ஒதுங்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு மல்லிகை அளக்கும்போது மட்டும் முழத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. சேர, சோழ, பாண்டியர் மூவரும் வணங்கிய ஊர் என்கிறார் சம்பந்தர். அப்பரோ "தோன்றும் தோன்றும்" என்று சூலம், சடை, பிறை என ஒவ்வொன்றாகக் கண்ணில் படப்படச் சொல்லிக்கொண்டே போகிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிறவர் பாடினால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கருவூர்த்தேவரின் திருவிசைப்பாவும் இந்த ஊருக்கு உண்டு.

எனக்குப் பிடித்தது என்னவோ பொன்னனையாள் கதைதான். திருவிளையாடல் புராணத்தில் 36ஆவது படலம், இரசவாதம் செய்தது. இந்தக் கோயிலில் ஆடிய பெண், கையில் வந்ததையெல்லாம் அடியார்களுக்குச் சோறு போட்டே செலவழித்தவள். சுவாமிக்குத் தங்கத்தில் உற்சவர் செய்ய ஆசை, கையில் காசில்லை. மதுரையிலிருந்து ஒரு சித்தர் வந்தார். சாப்பிட உட்காரவில்லை, வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டத்தைக் கொண்டுவரச் சொல்லித் திருநீற்றைத் தூவி, ராத்திரி தீயில் போடு, விடிந்தால் பொன்னாகிவிடும் என்று சொல்லிவிட்டு மறைந்தார். அப்படியே ஆனது. வார்த்தெடுத்த உருவத்தைப் பார்த்ததும் "அச்சோ, அழகிய பிரானோ இவன்" என்று பச்சைப்பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாளாம், அந்த நகக்குறி கன்னத்தில் இன்னும் இருக்கிறதாம். அத்தை இதைக் கேட்டுவிட்டு அம்பாள் சன்னதிக்குப் போகும் வழியெல்லாம் பாத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அத்தனை அண்டா எதற்கு, எல்லாம் ஊருக்குச் சோறு போடத்தானே, அதையும் கொண்டுவந்து வைத்தாளே, மறுநாள் எதில் சமைத்திருப்பாள்?

எந்தப் புராணத்திலும் இதற்குப் பதில் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆட்டுச்சந்தை, சுற்றிலும் தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்கால்காரர்கள் தண்ணீரை நம்பி இருப்பவர்கள், ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் விடமாட்டார்கள். நாங்கள் போன அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை, கரையில் குடத்து நீரில்தான் எள்ளும் தண்ணியும் இறைத்தோம். கீழே பார்த்தால் கருவேல முள்ளும் கட்டாந்தரையும். மூன்று பேர் கால் வைக்கத் தயங்கிய மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டோம். அதில் நாம் கட்டிய வீடுகளும் அடக்கம்தான்.

பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் மடப்புரம். பத்ரகாளி வெட்டவெளியில், பின்னால் பிரம்மாண்டமான குதிரை, கழுத்து கொள்ளாத எலுமிச்சை மாலை. ஏமாற்றப்பட்டவர்கள் இங்கே வந்து காசு வெட்டிப் போடுவார்கள், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று. அத்தை சேலை முந்தானையில் முடிந்திருந்த காசைத் தடவிக்கொண்டே, "மணல் அள்ளுனவங்க பேருக்கு ஒண்ணு வெட்டிப் போடலாமாடா?" என்றார். "நம்ம மாடி கட்டுனதும் அந்த மணல்லதான்மா" என்றான் அவர் மகன். அத்தை அவனை முறைத்துவிட்டு, எலுமிச்சை மாலை மட்டும் வாங்கிச் சாத்தினார்.