மஞ்சள் கட்டத்தோடு மல்லுக்கட்டிய ஐந்து வாரம்

மாறுவேடம் போடுகிற ஹாலோவீன் பண்டிகைக்கு பாக்கெட்டில் மடித்து விற்கிற உடை இனி வேண்டாம் என்று போன வருஷமே சபதம் எடுத்தாயிற்று. 'க்ளூலெஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் நாயகி ஷேர் போடும் மஞ்சள் கட்டம் போட்ட பிளேசர், அதே துணியில் குட்டைப் பாவாடை, இது இரண்டும்தான் எனக்கு வேண்டும். போன வருஷம் வாங்கியதில் கட்டத்தைத் துணிமேல் அச்சடித்திருந்தார்கள். தையல் வரும் இடத்திலெல்லாம் கோடு ஒன்றையொன்று சந்திக்காமல் அறுந்து கிடந்தது, துணியும் கைக்குட்டை கனம்கூட இல்லை. சரி, பிளவுஸும் பிள்ளைக்குப் பாவாடையும் தைத்த தைரியம் இருக்கிறதே, நாமே தைப்போம் என்று இறங்கினேன்.

படம் தெரியாதவர்களுக்கு: 1995இல் வந்தது, ஏமி ஹெக்கர்லிங் எழுதி இயக்கியது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலை பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி கதை. உடைகளை வடிவமைத்தவர் மோனா மே. நிஜத்தில் அப்போது பிள்ளைகள் தொளதொள ஃபிளானல் சட்டையும் கிழிந்த ஜீன்ஸுமாகத் திரிந்த காலம், அதில் இந்தப் பெண் மட்டும் அயர்ன் கலையாமல் தலை முதல் கால் வரை பொருத்தமாக வந்து நிற்பாள். ஆரம்பத்திலேயே கம்ப்யூட்டரில் மேல் உடையையும் கீழ் உடையையும் ஜோடி சேர்த்துப் பார்த்து இந்த மஞ்சளைத்தான் எடுப்பாள். பொருத்தத்துக்குப் பேர்போன உடையில் கட்டம் பொருந்தவில்லை என்றால் அதைப் போடுவதே வீண். இதுதான் என் வாதம், வீட்டில் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசி வாரம் துணி தேடல். இங்கே நியூ ஜெர்சியில் பக்கத்தில் இருந்த ஜோஆன் கடை 2025இல் மற்ற கிளைகளோடு சேர்ந்து மூடிவிட்டது, துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க வேறு வழியில்லாமல் ரயிலேறி மன்ஹாட்டன் மேற்கு 37வது தெருப் பக்கம் போனேன். நாலாவது கடையில் கிடைத்தது: மஞ்சள், கருப்புக் கோடு, வெள்ளைக் கோடு, கம்பளி கலந்தது, 58 அங்குல அகலம், கஜம் 18 டாலர். கட்டம் நாலு அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. மூன்று கஜம் போதும் என்றது பேட்டர்ன் (துணியின்மேல் வைத்து வெட்டுகிற அளவுக் காகிதம்) வந்த உறை, ஆனால் கட்டத் துணியில் ஒவ்வொரு துண்டையும் நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும் என்பதால் நாலு வாங்கினேன். கடைசியில் மிஞ்சியது ஒரு தலையணை உறைக்குக்கூடக் காணாது.

நேரடியாக அந்தத் துணியில் கத்தரி வைக்கக் கை வரவில்லை. வெள்ளோட்டத்துக்கு அவருடைய பழைய லுங்கி இரண்டை எடுத்தேன். இதைவிட நல்ல ஒத்திகைத் துணி கிடையாது என்பேன், கட்டமும் இருக்கிறது, காசும் இல்லை. அளவு சரியாக வந்தது. கட்டம்தான் வரவில்லை. பக்கத் தையல் முழுக்க முன்பக்கக் கோடு ஒரு இடம், முதுகுக் கோடு இன்னொரு இடம். வெட்டும்போது விளிம்போடு விளிம்பு வைத்து அவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தேனே என்று மண்டை காய்ந்துபோய் ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா முப்பது வருஷமாகப் பிளவுஸ் தைப்பவர். லுங்கியில் தைத்த பிளேசரைப் பார்த்துச் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் சொன்னார்: "வெட்டுற இடத்துல கோடு சேர்ந்து என்னடி பிரயோஜனம்? தைக்கிற இடத்துலல்ல சேரணும்."

அவ்வளவுதான் விஷயம். அமெரிக்கப் பேட்டர்னில் தையலுக்கு 5/8 அங்குலம் விட்டிருப்பார்கள், சாய்வான பக்கத் தையலில் அந்த 5/8 உள்ளே போகும்போது கோடும் நழுவிவிடுகிறது. அதனால் காகிதத்தில் தையல் கோட்டை முதலில் வரைந்து, அந்தக் கோட்டில் எந்தக் கட்டம் வருகிறது என்று பென்சிலால் குறித்து, பக்கத்துத் துண்டிலும் அதே இடத்தில் அதே குறியைப் போட வேண்டும். இன்னொன்று, துணியை இரண்டாக மடித்து வெட்டவே கூடாது, அடியில் இருக்கிற மடிப்பு எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும். இடது, வலது எல்லாவற்றையும் ஒற்றையாக விரித்து, முதலில் வெட்டிய துண்டைக் கவிழ்த்து அதன்மேலேயே வைத்துக் கட்டம் மறைகிற அளவுக்குப் பொருத்தி வெட்டினேன். வெட்ட மட்டும் ஒரு சனி, ஒரு ஞாயிறு.

தைக்கும்போது வேறு தொல்லை. மெஷின் கீழ்த் துணியை இழுக்கிறது, மேல் துணி பின்தங்குகிறது, பத்து அங்குலம் போவதற்குள் கால் அங்குலம் தள்ளிப்போகும். ஒவ்வொரு கோட்டிலும் குண்டூசி குத்தியும் சரிப்படாமல், கடைசியில் எல்லாத் தையலுக்கும் முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுத்தான் மெஷினில் வைத்தேன். முதுகு நடுத்தையலை மூன்று தடவை பிரித்தேன். இப்போது அங்கே தையல் இருப்பதே தெரியாது, அதைக் காட்டத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்றாலும் தப்பில்லை.

காலருக்கு அயர்ன் செய்து ஒட்டுகிற கேன்வாஸ். அவசரத்தில் இழுத்து இழுத்துத் தேய்த்ததில் ஒரு பக்கம் கொப்புளம் கொப்புளமாக வந்து, புதிதாக வெட்டி மறுபடி ஒட்டினேன். ஈரத் துணி போட்டு ஒரே இடத்தில் அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தடித்த தையலைப் படிய வைக்க டெய்லர்கள் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள், ஆவி பட்ட சூட்டோடு அதை அழுத்தினால் தையல் தட்டையாக நிற்கும். எனக்குச் சப்பாத்திப் பலகை. பிளேசர் கையின் தையலை விரிக்க உள்ளே பூரிக்கட்டையை நுழைத்தேன், அது இன்னும் பிரமாதம்.

கையும் உடம்பும் சேரும் இடத்தில் முன்பக்கம் கோடு சேரும், பின்பக்கம் சேரவே சேராது, கையின் வளைவு அப்படி. அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். காஜா மூன்றும் மெஷினில். பாவாடைக்கு லைனிங், பக்கத்தில் ஜிப், ஒரே நாளில் முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை. மடிப்பு வைத்த கட்டப் பாவாடையைப் பார்த்ததும் அம்மா, "இதென்னடி, கான்வென்ட் யூனிஃபார்ம் மாதிரி இருக்கு" என்றார். வாஸ்தவம்தான்.

பொன்னிற விக் வைக்கவில்லை. என் முகத்துக்கு அது ஒட்டாது, உடை பேசட்டும். வெள்ளை நீளக் காலுறை, உள்ளே வெள்ளை டி-ஷர்ட், மஞ்சள் ஸ்வெட்டர். குளிருக்குத் தோல்நிற ஸ்டாக்கிங்ஸ் தேடினால் 'தோல்நிறம்' என்று எழுதியது எதுவும் என் தோலின் நிறத்தில் இல்லை, காப்பி நிறம் என்று எழுதிய ஒன்று சரியாக இருந்தது.

அக்டோபர் 31 சாயங்காலம் பிள்ளைகளோடு தெருத்தெருவாக மிட்டாய் வாங்கப் போனோம். நல்ல குளிர். எல்லாரும் மேலே குளிர்கோட்டைப் போடு என்றார்கள், ஐந்து வாரம் தைத்ததை மூட எனக்கென்ன பைத்தியமா. பதினாலு வயது மகளின் தோழிகளுக்கு நான் யாரென்று தெரியவில்லை. மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்த ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரம்மா பார்த்த உடனே படத்தில் ஷேர் அடிக்கடி சொல்கிற "ஆஸ் இஃப்!" என்று கத்தினார், என் முதுகைத் திருப்பி நடுத்தையலைக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இடது பாக்கெட் மூடியில் கோடு ஒரு நூல் தள்ளியிருக்கிறது. ஃபோட்டோவில் அதை அம்மா மட்டும் கண்டுபிடித்தார். அடுத்து படத்தில் அவள் தோழி டியான் போடும் கருப்பு வெள்ளைக் கட்டம், இந்தத் தடவை ஐந்து கஜம் வாங்கப் போகிறேன்.