சுவருக்குச் சொந்தக்காரர் யார்?

கோத்தகிரியில் எங்கள் தெருமுனைத் தடுப்புச் சுவரில் ஓவியம் வரைய பதினோரு நாள் ஆனது. அதற்கு அனுமதி வாங்க நான்கு மாதம்.

நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் என எல்லாரும் ஒரே சுவரில் என்று மனு எழுதியிருந்தோம். எழுத்தர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். "சுவர் யாரோடது தம்பி? அவங்க லெட்டர் எங்க?" அவர் கைகாட்டிய அலுவலகத்தில், "ரோடு எங்களது, சுவர் அவங்களது." இப்படியே ஆறு தடவை. சரி, கலெக்டரிடமே கொடுப்போம் என்று ஒரு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஊட்டி பஸ் ஏறினேன். அன்று அரசு விடுமுறை. காலண்டரைப் பார்க்காதது என் தப்புதான்.

கடைசியில் வழி சொன்னவர் டீக்கடை அண்ணன். "அந்த ஓரத்துல ஒரு கல் இருக்குமே, பார்த்தீங்களா?" உண்ணிச்செடியை வெட்டி, பாசியைச் சுரண்டினால், கட்டிய துறை, வருடம், பணியின் பெயர் எல்லாம் கல்லில் வெட்டியிருந்தது. போட்டோ எடுத்து மனுவோடு இணைத்தேன். ஒரே வாரத்தில் கையெழுத்து. நீங்களும் மனு எழுதும் முன் முதலில் அந்தக் கல்லைத் தேடுங்கள்.

இன்னொன்று: தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துப் பூசாதீர்கள். நாங்கள் பூசினோம். ஐப்பசி மழையில் பிரைமர் அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது.

கோத்தர் பகுதி, கொல்லுப்பட்டறையும் பானை வனையும் பெண்களுமாக, சிக்கலில்லாமல் முடிந்தது. மாட்டிக்கொண்டது தோடர் பூத்தையலில். நெட்டில் கிடைத்த படத்தைப் பார்த்து, கறுப்பு சிவப்புக் கோடுகளை வழவழவென்று வரைந்துவிட்டான் எங்கள் ஓவியன். சால்வை விற்க வந்த தோடர் அக்கா சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது உள்பக்கம்ல?" என்றார். தன் தோளில் கிடந்ததைக் காட்டினார். நூல் புடைத்துச் சொரசொரப்பாக இருக்கும் பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கமாம். துணியில் கோடு போட்டுக்கொள்ளாமல் இழை எண்ணியே தைப்பவர்களிடம் என்ன வாதாடுவது? இரண்டு நாள் கூடுதலாக உட்கார்ந்து, பெயிண்டைத் தடிப்பாக அப்பி மறுபடி வரைந்தான்.

அந்தக் கல்லில் மட்டும் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொண்டோம். திரும்பப் பூச அனுமதி கேட்கும்போது வேண்டியிருக்கும்.