அந்த டிஎன்ஏ எந்தக் கலத்திலிருந்து வந்தது?

2022இன் தொடக்கத்தில் என் இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஒரு அழகான திட்டம் இருந்தது. தொண்டர்களிடம் இரத்தம் எடுப்பது, ஃபைக்கோல் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றி வெண்குருதிக் கலங்களைப் பிரிப்பது, அதில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் (என்கே செல்) எத்தனை வீதம் என்று பார்ப்பது, பிறகு அதே ஆட்களின் ஜீன்களோடு ஒப்பிடுவது. நெறிமுறைக் குழுவின் அனுமதிகூட வந்துவிட்டது. இலங்கையில் டொலர்தான் இல்லாமல் போனது. ஓடர் பண்ணிய பிறபொருளெதிரிகள் வரவே இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மைனஸ் 80 பாகைப் பெட்டியை நம்பி எந்த மாதிரியையும் வைக்க முடியாது. "சரி, இரத்தத்தை விடுவோம். வேறு யாரோ எடுத்துவைத்த இரத்தத்தைப் படிப்போம்" என்றார் மேற்பார்வையாளர் மேடம்.

இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற தம்பி தங்கைகள் சிலர் அண்மையில் கேட்டதால் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: நாங்கள் கலம் என்பது உங்கள் செல், கூர்ப்பு என்பது பரிணாமம், நிர்ப்பீடனம் என்பது நோய் எதிர்ப்பு, பிறபொருளெதிரி என்பது ஆன்டிபாடி, நிறமூர்த்தம் என்பது குரோமோசோம், குடித்தொகை என்பது மக்கள்தொகை, வாங்கி என்பது ரிசெப்டர், எதிருரு என்பது ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று.

ஆயிரம் ஜீனோம் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2015இல் அதன் கடைசிக் கட்டம் வெளியானபோது 26 குடித்தொகைகளைச் சேர்ந்த 2,504 பேரின் டிஎன்ஏ வரிசை அதில் இருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கலாம். அந்த 26இல் ஒன்றின் குறியீடு எஸ்டியு. ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். இதை முதல்முதல் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்துகொண்டு, கடல் கடந்து போன நம் ஆட்களின் ஜீன்களைத் திரும்ப இறக்கிப் பார்க்கிறேன்!

ஆனால் உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. எங்கள் அப்பப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். எங்களைப் போன்ற மலையகத்தவர் அந்த 102இல் இருக்கிறார்களா? பெயர்ச்சீட்டு அதைச் சொல்லாது. மட்டக்களப்பா, மன்னாரா, யாழ்ப்பாணமா என்றும் சொல்லாது. 102 பேரை வைத்து "இலங்கைத் தமிழரின் ஜீன்" என்று தலைப்புப் போட்டால், உங்கள் மேசையில் ஒருவரும் சிரிக்காவிட்டாலும் தேர்வாளர் சிரிப்பார். "எஸ்டியு மாதிரிகளில்" என்றே எழுதுங்கள்.

கையில் காசும் டேட்டாவும் குறைந்தவர்களுக்கு ஒரு விஷயம். எச்எல்ஏ என்ற நிர்ப்பீடன ஜீன்கள் இருக்கும் 6ஆம் நிறமூர்த்தத்தின் கோப்பு மட்டுமே சுருக்கிய வடிவில் கிட்டத்தட்ட ஒரு ஜிகாபைட் வரும். கரண்ட் போகிற நேரத்துக்குள் அதை இறக்க நான் மூன்று இரவு போராடினேன். டாபிக்ஸ் என்ற சிறிய மென்பொருள் இருந்தால் முழுக் கோப்பையும் இறக்கத் தேவையில்லை, வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று நான்காம் நாள்தான் ஒரு அண்ணா சொன்னார். ஒப்பீட்டு ஜீனோமின் பதிப்பு 37ஆ 38ஆ என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். இரண்டிலும் முகவரிகள் வேறு. நான் கலந்துவிட்டு ஒரு கிழமையைத் தொலைத்தேன்.

இனி என் பெரிய பிழைக்கு வருகிறேன். எச்எல்ஏ ஜீன்களோடு, பிறபொருளெதிரி செய்யும் ஜீன்கள் இருக்கும் 14ஆம் நிறமூர்த்தத்தின் நுனியையும் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதே ஆட்களின் டிஎன்ஏயைப் பிறகு 30 மடங்கு ஆழத்தில் மீண்டும் வாசித்து வைத்திருக்கிறார்கள். ஆழம் என்றால் ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக எத்தனை தடவை வாசிக்கப்பட்டது என்பது. ஒருவரிடம் ஒரு துண்டு அறுந்து போயிருந்தால் அந்த இடத்தில் ஆழம் இறங்கும். நான் வரைந்த படத்தில் ஆளுக்கு ஆள் அந்த நுனியில் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. இவ்வளவு நீக்கங்கள்! நம் குடித்தொகையின் நிர்ப்பீடன வரலாறே இதில் இருக்கிறது என்று நினைத்து ஒன்பது பக்கம் எழுதினேன். மலேரியா, கூர்ப்பு, இயற்கைத் தேர்வு எல்லாம் அதில் வந்தன. நல்ல தமிழ்ப்பட வசனம் மாதிரி இருந்தது.

மேடம் முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. "இந்த டிஎன்ஏயை எந்தக் கலத்திலிருந்து எடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"இரத்தத்திலிருந்து."

"இரத்தத்தில் எந்தக் கலம்?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கலத்திலும் ஒரே டிஎன்ஏதானே என்று ஏஎல் (உயர்தர வகுப்பு) பாடம் சொல்கிறது. அந்த விதி மீறப்படும் மிகப் பிரபலமான இடத்தில்தான் நான் போய் விழுந்திருந்தேன்.

அந்தத் திட்டத்தின் மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவை இரத்தத்திலிருந்து நேரடியாக வந்தவையல்ல. எப்ஸ்டீன்-பார் வைரசைத் தொற்றவைத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி மாற்றிய பி கலங்களிலிருந்து, அதாவது பிறபொருளெதிரி செய்யும் வகை வெண்குருதிக் கலங்களிலிருந்து வந்தவை. ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும், பிறகு காலாகாலத்துக்கும் டிஎன்ஏ கிடைக்கும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் பி கலம் தன் டிஎன்ஏயைத் தானே வெட்டி ஒட்டுகிற கலம். பிறபொருளெதிரியின் இரு வகைப் புரதச் சங்கிலிகளில் ஒன்றான பாரச் சங்கிலிக்கு 40 சொச்சம் 'வி' துண்டுகள், 23 'டி' துண்டுகள், 6 'ஜே' துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பி கலமும் அவற்றில் ஒவ்வொன்றைத் தெரிந்து ஒட்டிக்கொண்டு இடையில் கிடப்பதை வெட்டி எறிந்துவிடும். இந்தத் தெரிவிலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வரும். ஒட்டும் இடத்தில் நடக்கும் மாற்றங்கள் அதை இன்னும் பல மடங்கு பெருக்கும். டிஎன்ஏ இப்படி இடம் மாறுகிறது என்று 1976இல் காட்டியவர் சுசுமு டோனெகாவா. 1987இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. நான் கண்ட பள்ளங்கள் தாய் தகப்பனிடமிருந்து வந்த நீக்கங்களே அல்ல. ஒரு குப்பியில் வளர்ந்த பி கலங்கள் எறிந்துவிட்ட துண்டுகள்.

கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதுதான் வெட்கம். பரம்பரையாக வந்த நீக்கம் என்றால் ஆழம் பாதியாகும், அல்லது பூச்சியமாகும். என் படத்தில் வழக்கமான ஆழத்தை 1 என்று வைத்தால் 0.6, 0.7, 0.85 என்று இரண்டும்கெட்டானாக இருந்தது. ஒரு குப்பிக்குள் பல வகைப் பி கலங்கள் கலந்து கிடந்தால் அப்படித்தான் வரும். "2ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களையும் பார். பிறகு 14இலேயே டி கல வாங்கியின் ஜீன் இருக்கும் இடத்தையும் பார்" என்று மேடம் அனுப்பினார். மற்ற வகையான இலேசான சங்கிலிகளின் ஜீன்கள் இருப்பது 2இலும் 22இலும். அங்கும் பள்ளம். டி கலம் வேறொரு வகை வெண்குருதிக் கலம், அதன் வாங்கியின் ஜீனில் பி கலம் வழக்கமாகக் கைவைக்காது. அந்த இடத்தில் மேடு பள்ளம் இல்லை. அரை மணித்தியாலத்தில் வழக்கு முடிந்தது. ஒன்பது நாள் எழுதியது நான்.

அதற்குப் பிறகு எந்தத் தரவைத் திறந்தாலும் முதலில் மாதிரி விவரக் கோப்பைத்தான் தேடுவேன். எந்தக் கலம், யாருடையது, எப்போது எடுத்தது, எப்படி வளர்த்தது. உமிழ்நீரில் எடுத்த டிஎன்ஏ என்றால் வாயில் இருக்கும் பற்றீரியாவின் டிஎன்ஏயும் சேர்ந்து வரும். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் போட்ட குழாயில் எடுத்த இரத்தம் என்றால், டிஎன்ஏயைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பிசிஆர் சண்டித்தனம் பண்ணும். அதே வேலைக்கு ஈடிடிஏ போட்ட குழாய் நல்லது. பாடப்புத்தகம் இதையெல்லாம் அடிக்குறிப்பாகச் சொல்கிறது. எனக்கு இதுதான் பாடம்.

எச்எல்ஏ பகுதிதான் கடைசியில் ஆய்வைக் காப்பாற்றியது. 6ஆம் நிறமூர்த்தத்தின் குறுங்கரத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்து நீளமான ஒரு வட்டாரத்தில் இந்த ஜீன்கள் இருக்கின்றன. கலத்துக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே பிடித்து டி கலத்துக்குக் காட்டுவது இவற்றின் வேலை. இதுவரை பெயரிட்ட எதிருருக்கள் 40,000க்கு மேல். இயற்கைத் தேர்வு என்றால் நல்லது ஒன்று வென்று மற்றவை அழிய வேண்டும் அல்லவா, ஏன் இத்தனை? இரண்டு வெவ்வேறு எதிருரு உள்ளவர் அதிக வகைத் துண்டுகளைக் காட்டலாம் என்பது ஒரு விளக்கம். பரவலான எதிருருவுக்கு ஏற்றபடி கிருமி மாறிவிடும், அதனால் அரிதானது பிழைக்கும் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யக்கூடும். என்னை வாய்பிளக்க வைத்தது வேறொன்று. நம்மில் ஒருவரின் எச்எல்ஏ எதிருரு, பக்கத்து வீட்டுக்காரரின் எதிருருவைவிட ஒரு சிம்பன்சியின் எதிருருவை அதிகம் ஒத்திருக்கலாம். இரண்டு இனங்களும் பிரியும் முன்பே இருந்த வேறுபாடுகளை இரண்டும் சுமந்துகொண்டு வந்திருக்கின்றன.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. சிறு சிறு வாசிப்புகளை ஒரேயொரு ஒப்பீட்டு ஜீனோமோடு பொருத்தும்போது, அதிலிருந்து மிக வேறுபட்ட எச்எல்ஏ வாசிப்புகள் பொருந்தாமல் விழுந்துவிடும். இரண்டு எதிருரு உள்ளவர் ஒன்றுள்ளவர் போலத் தெரிவார். எச்எல்ஏக்கென்றே தனியாக வகைப்படுத்தி வெளியிட்ட முடிவுகள் இதே ஆட்களுக்கு இருக்கின்றன. அவற்றை எடுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஎல் வரை தமிழில் படித்துவிட்டுக் கம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறும்போது நாம் பின்தங்கியவர்கள் என்று ஒரு நினைப்பு வரும். எனக்கு ஒரு இடத்தில் அது எதிர்மாறாக உதவியது. ஆங்கிலத்தில் 'அடாப்டிவ்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் வரும். நிர்ப்பீடனத்தில் அது ஒரு ஆளின் ஆயுளுக்குள் நடப்பது, கூர்ப்பில் தலைமுறைகளாக நடப்பது. நண்பர்கள் சிலர் இரண்டையும் குழப்பி எழுதினார்கள். நமக்கு ஒன்று பெற்ற நிர்ப்பீடனம், மற்றது இசைவாக்கம். குழம்ப வழியே இல்லை. பழைய தமிழ்க் கொப்பிகளை எறியாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் மூன்று கேள்விகள் நினைவிருக்கின்றன. எலியில் இயற்கைக் கொல்லிக் கலத்தைப் படித்து மனிதருக்கு அப்படியே சொல்லலாமா என்பது முதலாவது. மனிதக் கலம் எச்எல்ஏயை அடையாளம் காணப் பயன்படுத்துவது 19ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் கேஐஆர் வாங்கிகள். எலி அதே வேலைக்கு முற்றிலும் வேறு குடும்பமான எல்வை49 வாங்கிகளைக் கூர்ப்பில் உருவாக்கிக்கொண்டது. அதனால் அப்படியே சொல்ல முடியாது. இது தெரிந்திருந்தது, தப்பினேன்.

இரண்டாவது இன்னும் நல்ல கேள்வி. "இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் சான்றிதழ் வாங்கிவிட்டோம். தலசீமியா எதிருரு மட்டும் ஏன் இன்னும் குருநாகல் பக்கம் இருக்கிறது?" தலசீமியா ஒரு பரம்பரை இரத்தச்சோகை நோய். அதன் எதிருருவில் ஒற்றைப் பிரதி மட்டும் உள்ளவரை மலேரியா குறைவாகத் தாக்கலாம், அதனால்தான் அது பரவியது என்ற யோசனை 1949இல் உயிரியலாளர் ஹால்டேன் எழுதியது. பதில் எளிது, ஆனால் பதற்றத்தில் வராது. நோய் போனதும் எதிருரு மறைந்துவிடாது. ஒற்றைப் பிரதி வைத்திருப்பவருக்குப் பெரிய தொல்லை இல்லை, அவர் வழியாக ஒளிந்து ஒளிந்து பல தலைமுறை வரும். நான் தொடக்கத்தில் உளறி, பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு குடும்ப மரம் வரைந்து சமாளித்தேன்.

மூன்றாவது கேள்வி நான் எதிர்பார்க்காதது. அந்த ஒன்பது பக்கத்தையும் நான் அழிக்கப் போனபோது மேடம் விடவில்லை. பிழை எப்படி நடந்தது, எப்படிப் பிடித்தோம் என்று எழுதிப் பின்னிணைப்பில் வைக்கச் சொன்னார். வெளித் தேர்வாளர் என் அறிக்கையைப் பின்னாலிருந்து புரட்டினார். "இந்த 0.7ஐப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். மீதி இருபது நிமிடமும் நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம்.