சிசிலியன் தொட்டி: மணல், மூடி, மண்புழு

மீன் வணிகத்தில் 'ரப்பர் விலாங்கு' என்று விற்கப்படும் டிஃப்லோனெக்டிஸ் நட்டான்ஸ் உண்மையில் தவளைக்குத்தான் உறவு. கொலம்பியா, வெனிசுலா நாடுகளின் ஆறுகளில் வாழும், சிசிலியன் என்ற வகையைச் சேர்ந்த கால் இல்லாத நீர்நிலவாழ் உயிரி இது. அரை மீட்டர் வரை வளரும். ஆணும் பெண்ணுமாக இரண்டை வளர்த்து வருகிறேன்.

தொட்டியின் அடியில் கூழாங்கல்லை எடுத்துவிட்டு மென்மையான மணலைப் பரப்பியதும் அவற்றின் நடமாட்டமே மாறிவிட்டது. முகவாயால் மணலைக் கிளறிக்கொண்டே போகின்றன. பதுங்குவதற்கு இரண்டு குழாய்த் துண்டுகள் போட்டிருக்கிறேன். ஒன்று காலியாக இருந்தாலும் இரண்டும் ஒரே குழாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. நீரின் வெப்பம் 26 டிகிரி. தோல் வழியாகவும் சுவாசிக்கும் உயிர் என்பதால் குளோரின் நீக்காத தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போவதில்லை. நுரையீரலும் உண்டு, காற்றுக்காக அடிக்கடி மேலே வரும். ஆகவே மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். மூடியில் வடிகட்டியின் குழாய் நுழையும் துளையைக்கூடப் பஞ்சு வைத்து இறுக அடைத்தாயிற்று. தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் வெளியேறிவிடும்.

இரை கொடுக்கும் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கை அணைத்துவிட்டு ஒரு மண்புழுவை மணல்மேல் வைப்பேன். கண்ணால் பயன் அதிகமில்லை. கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே உள்ள சின்னஞ்சிறு உணர்கொம்புதான் வாசனையைப் பிடிக்க உதவுகிறது. புழுவுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டும். சில சமயம் தாண்டியே போய்விடும். திரும்பி வந்து கவ்வியதும் மொத்த உடலும் ஒருமுறை சுழலும். விரைந்து நீந்தும் மீன்களோடு இதைச் சேர்த்து வைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரை இருக்கும் இடத்தை இது தேடி அடைவதற்குள் மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

இப்போது பெண்ணின் உடல் நடுப்பகுதியில் பருத்துவருகிறது. கருவுற்றிருக்கலாம் என்று நம்புகிறேன். இந்த இனம் முட்டையிடுவதில்லை. குட்டிகள் கருக்குழாயின் உட்சுவரைச் சுரண்டித் தின்றே வளர்கின்றன. கர்ப்பகாலம் ஆறு மாதத்துக்கும் மேல். பிறக்கும்போது ஒட்டியிருக்கும் பெரிய பை போன்ற செவுள்கள் விரைவிலேயே உதிர்ந்துவிடும். குட்டிகள் உறிஞ்சு குழாயில் சிக்கிவிடக் கூடாது என்று வடிகட்டியைக் காற்றில் இயங்கும் பஞ்சு வகைக்கு மாற்றிவிட்டேன். அடுத்த வேலை, பொடியாக நறுக்கிய மண்புழுவைச் சிறு பொட்டலங்களாக உறையவைத்துக்கொள்வது.