சேஸ் எங்கே மடங்க வேண்டும்

போன கோடையில் ஐந்து சனிக்கிழமைகள் ஒரு பழைய ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் அடியில் படுத்துக் கிடந்தேன். 1999 மாடல். மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் நின்ற கார் அது. அந்த வீட்டுப் பெரியவர் தகடு அழுத்தும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட் மாதக் கவுண்டி கண்காட்சியில் நடக்கும் டெமாலிஷன் டெர்பிக்காகப் பல வருடங்களாகக் கார் கட்டுகிறார். முன்பு அவரே ஓட்டினார், இப்போது பேரன் ஓட்டுகிறான்.

டெர்பி பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண் மைதானம், சுற்றிலும் கான்கிரீட் தடுப்பு. வேகம் எடுக்க முடியாதபடி தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கி விடுவார்கள். பத்துப் பன்னிரண்டு கார்கள் உள்ளே இறங்கி ஒன்றையொன்று இடிக்கும், கடைசிவரை ஓடுகிற கார்தான் ஜெயித்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் இடிக்கக் கூடாது. இடிக்காமல் ஒதுங்கி நின்றாலும் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். போதும் என்று தோன்றினால் காரோடு கட்டியிருக்கும் குச்சியை ஓட்டுநரே ஒடித்துப் போட வேண்டும், அதன்பிறகு யாரும் அவரைத் தொடக் கூடாது. நியூயார்க் லாங் ஐலண்டில் ஐஸ்லிப் என்ற ஊர்ப் பந்தயத் திடலில் 1958இல் இது தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள்.

நான் பிழைப்புக்குச் செய்வது கார் மோதல் சிமுலேஷன், அதாவது மோதலைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் கார் சுவரில் மோதினால் முன்பக்கத்து இரும்பு ரெயில்கள் (அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள்) எந்த இடத்தில், எந்த வரிசையில் மடங்க வேண்டும் என்று கணக்குப் போடுவேன். ரெயில் எவ்வளவு நிதானமாக மடங்குகிறதோ அவ்வளவுக்கு உள்ளே இருப்பவர் உடம்பில் அடி குறையும். டெர்பி வேகத்தையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 24 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு மீட்டர் கசங்கி நின்றால் உள்ளே இருப்பவருக்குச் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் இரண்டேகால் மடங்கு விசை. அதே கார் விறைப்பாக இருந்து 30 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் ஏழரை மடங்கு. டெர்பிக்காரர்கள் கேட்பது இந்த விறைப்பைத்தான். அதனால்தான் அங்கே கழுத்துப் பட்டையும் ஹெல்மெட்டும் இருக்கைக்குப் பின்னால் குறுக்குக் குழாயும் வைக்கிறார்கள். பேரன் கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்தால் நான் விட மாட்டேன். கணக்கு தெரிந்தவளால் சும்மா இருக்க முடியாது.

அப்பா திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். கம்பெனியிலிருந்து வெறும் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வரும். அதன்மேல் கட்டை போட்டு, யூ போல்ட் முறுக்கி, பாடியை ஏற்றுவார்கள். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ அப்பா யாரையும் விட்டதில்லை. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கீழ் விளிம்பில் கொக்கி ஒன்றைப் பத்த வைத்துவிட்டான். வண்டிக்காரருக்குத் தெரியாமல் மறைக்கலாம் என்று மேஸ்திரி சொன்னார். அப்பா வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அப்போது பத்து வயது. அவ்வளவு சின்ன வெல்டிங்குக்கு ஏன் இத்தனை கவலை என்பது காலேஜில் உலோக வகுப்பு வந்தபோதுதான் விளங்கியது.

இனி டெர்பி கார். பெரியவர் இதை 700 டாலருக்கு வாங்கினார். முன்பு டாக்ஸியாக ஓடியது. கிரவுன் விக்டோரியாவை டெர்பிக்காரர்கள் தேடுவதற்குக் காரணம், இப்போதைய கார்களைப் போல பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக இல்லாமல், இதில் லாரி போலத் தனி சேஸ் இருக்கிறது. 2011இல் உற்பத்தி நின்றுவிட்டது. 2003இல் முன்பக்க ரெயிலையும் ஸ்டீயரிங்கையும் மாற்றிவிட்டதால் அதற்கு முந்தியவற்றுக்கு ஒரு தனிக் கூட்டம் உண்டு. 2009இல் பழைய காரைக் கொடுத்துப் புதிது வாங்க அரசு மானியம் கொடுத்த திட்டத்தில் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கார்கள் காயலான் கடைக்குப் போயின. பெரியவருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அவற்றின் எஞ்சினில் ஒரு ரசாயனக் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, திரும்பவும் உயிர் பெறாதபடி இறுகச் செய்தார்கள். 'ஓடுகிற எஞ்சினை இப்படிச் செய்யலாமா' என்பார். 1964 முதல் 1966 வரை வந்த கிரைஸ்லர் இம்பீரியல் கார்களைப் பற்றிப் பேசினால் மட்டும் முகம் மாறிவிடும். அவற்றின் சேஸ் அவ்வளவு உறுதி. பல மைதானங்களில் அவற்றுக்கு அனுமதியே இல்லை.

கண்ணாடி, கார்ப்பெட், பிளாஸ்டிக் எல்லாம் கழற்ற ஒரு நாள். பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு, பின்சீட் இருந்த இடத்தில் சின்ன இரும்பு டேங்க். பேட்டரி பக்கத்து சீட்டின் கால்வைக்கும் இடத்துக்கு வந்தது. பானெட்டில் துளை வெட்டினோம், தீப்பிடித்தால் அணைக்க வழி வேண்டுமே. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்.

அப்புறம் சேஸ். நான் ஆசைப்பட்டுப் போனதே இதற்குத்தான்.

இருக்கிற இடத்தில் எல்லாம் வெல்டிங் போட்டு, உள்ளே இரும்பைத் திணித்து, உடையாத வண்டி ஆக்குவார்கள் என்றுதான் போவதற்கு முன் நினைத்திருந்தேன். விதிப்புத்தகத்தைப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் செய்யக் கூடாதவை. ரெயிலுக்குள் எதையும் திணிக்கக் கூடாது. சேஸுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் வெல்டிங் மறைந்துவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கு முன்னால் மட்டும் ரெயிலின் மேல் தையலை, அதாவது தகடுகள் சேரும் கோட்டை, பத்த வைக்கலாம், அதுவும் ஒரே வரிதான். சந்தேகம் வந்தால் பரிசோதகர் ரெயிலில் துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார். இந்தக் கட்டுப்பாடுகள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. பணம் உள்ளவர் இரும்பைக் கொட்டி ஜெயிக்க முடியாது. எது மடங்கும் என்று தெரிந்தவருக்குத்தான் இடம்.

பின்பக்கத்தில் பெரியவர் செய்த வேலை ஒன்று. பின் அச்சுக்கு மேலே சேஸ் ஒட்டகத் திமில் போல வளைந்து இறங்கும். அதற்குப் பின்னால் ரெயிலின் மேல்முகத்தில் சுத்தியலால் ஒரு பள்ளம் தட்டினார், இரண்டு பக்கமும் ஒரே அளவில், டேப் வைத்து அளந்து. எங்கள் விதியில் அதற்கு அனுமதி உண்டு. பின்னாலிருந்து அடி விழும்போது பலவீனமான மேல்முகம் முதலில் உள்வாங்கும், வால் மேல்நோக்கிச் சுருளும். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் வால் கீழே மடங்கி மண்ணில் குத்திக்கொள்ளலாம். அப்படியானால் கார் நகராது. டெர்பியில் ரேடியேட்டரைக் காப்பாற்றப் பின்பக்கத்தால்தான் இடிப்பார்கள், ஆகவே வால் சரியாகச் சுருள்வது உயிர்நாடி. கசங்க வேண்டிய இடத்தில் ரெயிலைப் பள்ளப்படுத்துவதை நாங்களும் செய்கிறோம். எங்களுக்குச் சூப்பர் கம்ப்யூட்டரும் இரண்டு வருட அவகாசமும் வேண்டும். பெரியவர் ரெயிலை விரலால் தடவிப் பார்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, தட்டினார்.

முன்பக்கத் தையலில் வலது ரெயிலை என்னிடம் விட்டார். விதி சொன்ன இடம் வரை பத்த வைத்து, ஆர்முக்கு நேரே பட்டென்று நிறுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. முதல் சுற்றில் பேரன் ஓட்டினான். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ ஒன்று முன் மூலையில் விழுந்தது. ரெயில் என் வெல்டிங் முடிந்த அதே கோட்டில் மடங்கிப் பானெட் ஒரு சாண் தூக்கிக்கொண்டது. இடது ரெயிலில் பெரியவரின் வெல்டிங்கும் அதே தூரம்தான், ஆனால் கடைசி இரண்டு இஞ்சில் வரியை விட்டு விட்டுப் போட்டு மெல்ல மெல்லக் குறைத்திருந்தார். அந்த ரெயில் நின்றது. விறைப்பான இரும்பு சட்டென்று முடியும் இடத்தில் ஒரு கீல் உண்டாகிவிடும். தினமும் திரையில் பார்க்கிற சங்கதிதான். கையில் வெல்டிங் டார்ச்சைப் பிடித்தபோது மறந்துவிட்டேன். பேரன் எப்படியோ அந்தச் சுற்றில் இரண்டாவதாக வந்து இறுதிக்குப் போனான். எனக்கோ நெஞ்சு அடைத்தது.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மடங்கிய ரெயிலுக்குக் கால் இஞ்ச் தடிமனில் 4க்கு 6 இஞ்ச் தகடு வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. சங்கிலி போட்டு இழுத்து ரெயிலை நேராக்கினோம். தகட்டை எடுத்து நேராக வைக்கப் போனபோது அப்பா ஞாபகம் வந்தது. ஊரில் அப்போது விடிகாலை. போன் போட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு, குறுக்கால பத்த வெக்காத. ரெண்டு முனையும் மீன் வால் மாதிரி சரிச்சு வெட்டு. நீளவாக்குல மட்டும் பத்த வெய்யி, மூலைய சும்மா உடு" என்றார். மீன் வால் வெட்டு எங்கள் பட்டறையில் சேஸ் தகடுகளுக்கு எப்போதும் போடுவது. ரெயிலுக்குக் குறுக்கே ஒரே கோட்டில் வெல்டிங் ஓடாது, விறைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நான் சொன்னதைப் பெரியவர் கேட்டார். வேறு எதுவும் பேசாமல் கிரைண்டரை எடுத்து, தகட்டின் இரண்டு முனைகளையும் சரித்துக் கொடுத்தார். பத்த வைப்பது என் வேலை என்று டார்ச்சையும் என்னிடமே நீட்டினார்.

இறுதியில் ஒன்பது கார்கள். எங்கள் வால் அவர் தட்டிய பள்ளத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேலே சுருண்டது. டிரங்க் பின்சீட் இருந்த இடம் வரை வந்தும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மூன்று கார்கள் மிச்சம் இருந்தபோது சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் வலது டை ராடு உடைந்து சக்கரம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. பேரன் குச்சியை ஒடித்தான். மூன்றாம் இடம், 400 டாலர்.

மறுநாள் கொட்டகையில் காரைத் தூக்கி நிறுத்தி ரெயிலை அளந்தோம். தகடு இருந்த இடம் நேராக இருந்தது. அதற்கு ஒன்பது இஞ்ச் பின்னால், தகடே இல்லாத இடத்தில், மெல்லிய வளைவு ஒன்று. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பெரியவர் எஞ்சினையும் பின் அச்சையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் காயலான் கடைக்கு ஏற்றினார். போகும் முன் ரெயிலிலிருந்து அந்தத் தகட்டை மட்டும் வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். அடுத்த வருடத்துக்கு ஒரு 2004 மாடல் பார்த்து வைத்திருக்கிறார். அதன் முன் ரெயில் வேறு மாதிரி, தண்ணீர் அழுத்தத்தில் குழாயை உப்ப வைத்துச் செய்தது, மேல் தையலே கிடையாது. எங்கே பள்ளம், எங்கே தகடு என்று இரண்டு பேரும் இப்போதிருந்தே தாளில் வரைந்துகொண்டிருக்கிறோம்.